பாறை இடுக்கில் ஒரு மறுமொழி

வேரோனிக்கா என்பது அவளுடைய பெயர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கனடாவில், மல்வேர்னில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளுள் நாலாவதில் அவளும் கணவரும் குடியிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலைப் பேருந்தில் ஏறிச் சென்று, முதியோர் இல்லமொன்றின் சமையற்கூடத்தில் வேலைசெய்து, நண்பகலுக்கு மேல் வீடு திரும்புவாள். எதையும் அளவோடும் ஒழுங்கோடும் செய்யும் அவளிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன.

முதலாவது, மாலையில் வாசற்கதவைப் பூட்டுமுன் அங்கே கிடக்கும் சப்பாத்துகளை எண்ணுவது. குமரிப் பருவத்தில், போரினால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து தேவாலய மண்டபமொன்றில் முந்நூறு பேரோடு படுத்திருந்த நாட்களில், தன் வீட்டார் அனைவரும் உள்ளே வந்துவிட்டார்களா என்பதை வாசலிற் கிடந்த செருப்புகளைக் கொண்டே அவள் அறிந்துகொள்வாள். கனடாவுக்கு வந்த பின்னும் அது அவளை விடவில்லை. மகள் றெபேக்கா மணமாகி மார்க்கம் நகருக்குப் போனபிறகு எண்ணுவதற்கு அதிகம் இருக்கவில்லை, ஆயினும் எண்ணுவாள்.

இரண்டாவது, கணவரைப் பெயர் சொல்லி அழையாமை. அவர் பெயர் யோசப். படிவங்களில் அந்தப் பெயரைப் பிழையின்றி எழுதுவாள். கோயிலில் அவருக்காகப் பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போது துண்டிற் குறித்து நீட்டுவாள். வாயினால் மட்டும், மணமாகி முப்பத்தைந்து ஆண்டுகளில், ஒருதரமேனும் உச்சரித்ததில்லை. அவளுடைய தாயும் அப்படித்தான், தமக்கைமாரும் அப்படித்தான். கூப்பிட வேண்டுமானால் “இஞ்சாருங்கோ” என்பாள். அதற்கு அவர் கொடுக்கும் மறுமொழியும் மாறாதது: “பொறப்பா, வாறன். மனுசனை ஒரு நிமிசம் இருக்க விடன்!” அப்படிச் சொல்லிவிட்டு வரவும் மாட்டார். மூன்றாந்தரம் கூப்பிட்ட பிறகுதான், படிகள் அதிர, ஏதோ முணுமுணுத்தபடி வந்து சேருவார்.

ஆகவே, பாலைவன மலைப் பயணம் முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் மாலை, சமையலறையில் நின்றபடி அவள் ஒரேயொரு தரம் கூப்பிட, மேல்மாடியிலிருந்து “வாறன்” என்னும் ஒற்றைச் சொல் வந்து, அதன் பின்னால் அவரும் வந்து நின்றபோது, அவள் மகிழ்ந்திருக்க வேண்டும்.

மகிழ்ச்சி வரவில்லை. அவர் வந்த விதம் அவள் கண்ணில் ஒட்டிக்கொண்டது. சமையலறை வாசல் அகலமானது. குளிர்சாதனப் பெட்டியை நேராகவே உள்ளே கொண்டுவந்து வைத்த வாசல். அதன் முன்னால் அவர் ஒரு கணம் நின்றார். ஒரு தோளை முன்னுக்கும் மறு தோளைப் பின்னுக்குமாகத் திருப்பினார். வயிற்றை உள்ளே இழுத்து, முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, இல்லாத ஒரு சுவருக்கும் இல்லாத இன்னொரு சுவருக்கும் நடுவே நுழைபவரைப்போல, பக்கவாட்டாக, மிக மெதுவாக உள்ளே வந்தார்.

“என்ன, இடுப்புப் பிடிச்சிட்டுதோ?” என்று அவள் கேட்டாள்.

“ஓம்” என்றார் யோசப். அவ்வளவுதான்.

பயணம் றெபேக்காவின் ஏற்பாடு. அவள் ஆசிரியை, மார்ச் மாதப் பாடசாலை விடுமுறைக்கு அரிசோனாவில், ஒரு பாலைவன மலையின் அடிவாரத்தில், நான்கு நாளுக்கு ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். “பயப்பிடாதேங்கோ அம்மா, எவரெஸ்ற் இல்லை. சின்னச் சின்ன ஹைக்தான். அரை மணித்தியாலம் நடக்கிறது, கொஞ்சம் பாறையிலை ஏறுறது, வந்து சாப்பிடுறது. வெரி ஈசி” என்று அவள் சொல்லியிருந்தாள். தவக்காலத்தில் உல்லாசப் பயணம் போவது வேரோனிக்காவின் மனத்துக்கு ஒப்பவில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னபோது யோசப் பெருங்குரலில் சிரித்தார்.

“நாற்பது நாளும் ஆண்டவர் எங்கை இருந்தவர்? பாலைவனத்திலைதானே! நாங்கள் நாலு நாள் போய் இருந்தால் உனக்கென்ன?”

“அங்கை அவர் தனிய இருக்கேல்லை, சாத்தானும் வந்து நிண்டவன். அதையும் வாசியுங்கோ” என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவர் அதற்கும் சிரித்தார்.

முப்பது ஆண்டுகள் பிறம்ரனிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பாரவண்டி ஓட்டியவர் அவர். அந்த மலைகளையெல்லாம் கண்ணாடிக்கு அப்பால், நிறுத்த நேரமின்றி, விரைந்து ஓடும் கறுப்பு உருவங்களாகவே கண்டவர். இப்போது ஓய்வு பெற்று, கையால் அவற்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்ததும் சிறுபிள்ளையாகிவிட்டார். மருமகன் யூட்சன் ஏறுவதற்குப் பாடம் நடத்தினான்: “மாமா, எப்பவும் மூண்டு பிடி இருக்கவேணும். ரெண்டு கால், ஒரு கை. இல்லாட்டி ரெண்டு கை, ஒரு கால்.” “நாலும் போனால்?” என்று யோசப் கேட்டார். “போனால் மாமிக்கு இன்சூரன்ஸ்” என்றான் யூட்சன். நால்வருக்கும் ஒரே மாதிரியாக, செம்மஞ்சள் நாடா கோத்த சாம்பல் நிறச் சப்பாத்துகளை றெபேக்கா வாங்கிக் கொடுத்திருந்தாள். யோசப்பின் தலையில் நீலத் தொப்பியொன்று நான்கு நாளும் கழற்றப்படாமல் இருந்தது.

கடைசி நாள் பிற்பகல் நடந்ததை வேரோனிக்கா மறக்கவில்லை. நடைபாதை ஒரு மேட்டில் முடிந்தது. அங்கே யானை படுத்ததுபோன்ற இரண்டு பெரும் பாறைகள் ஒன்றின்மேலொன்று சாய்ந்து கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடுக்கு, உள்ளே போகப்போக இருண்டு, எங்கே முடிகிறது என்று தெரியாமல் நீண்டது. மெலிந்த உடம்புக்காரனான யூட்சன் அதற்குள் தோளைச் செருகிப் பார்த்து, சட்டை கிழிந்து, சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். யோசப் அவனைப்போல் இருமடங்கு அகலம். அவர் இடுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. “நான் பின்பக்கத்தாலை ஏறி, மேலை என்ன இருக்கெண்டு பார்த்திட்டு வாறன்” என்று சொல்லி, பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்கள் காத்திருந்தார்கள். வேரோனிக்கா இடுக்கின் அருகே கிடந்த நிழலில் அமர்ந்தாள். கல்லெல்லாம் அடுப்புச் சட்டியாகக் கொதித்த அந்த வேளையில், இடுக்கிலிருந்து மட்டும் குளிர்ந்த காற்று வந்தது; விட்டுவிட்டு, உறங்குகிறவரின் மூச்சைப்போல வந்தது. அதில் ஒரு மணம் இருந்தது. சூடேறிய கல்லில் முதல் மழைத்துளி விழும்போது எழும் மணம். அங்கே மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

இருபது நிமிடம் சென்றது. வெயில் மஞ்சளாயிற்று. அவள் எழுந்து நின்று, எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தெரியாமல், பொதுவாகக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ!”

“வாறன்.”

இடுக்கினுள்ளிருந்து, மிகக் கிட்ட, அவருடைய குரலில் மறுமொழி வந்தது. பின்னர் கல்லோடு ஏதோ உராயும் ஓசை. ஏனென்று தெரியாமல் அவள் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினாள். பதினொன்று என்று எண்ணியபோது, ஒரு தோள் வெளியே வந்தது. பிறகு சாய்ந்த முகம். பிறகு முழு உடம்பும்.

“ஓ மை கோட்! அப்பா, உதுக்குள்ளாலை எப்பிடி வந்தனீங்கள்?” என்று றெபேக்கா கைதட்டினாள். அவர் புன்னகை செய்தார். “தொப்பி எங்கை?” என்று அவள் கேட்டதற்கும் தலையைத் தடவிப் பார்த்துப் புன்னகை செய்தார். பொழுது போய்க்கொண்டிருந்தது, வழியில் நின்று தண்ணீர் குடித்து, எல்லோரும் இறங்கினார்கள். மறுநாள் விமான நிலையத்தில் றெபேக்காவே நால்வருக்குமாகப் பேசினாள். அவர் எப்படி வந்தார் என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மூன்றாம் நாள் மாலை சப்பாத்துகளை எண்ணியபோதுதான் வேரோனிக்கா குனிந்து அவருடைய சாம்பல் நிறச் சோடியைக் கையில் எடுத்தாள். அவளுடையதன் அடிப்பாகம் நான்கு நாட் பாறையில் உரசி வெளிறியிருந்தது. அவருடையதில் ஒரு கீறல்கூட இல்லை. கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல, புடைப்புகள் அனைத்தும் கூர்மையாக இருந்தன. அவள் அதைக் கவிழ்த்தாள். உள்ளிருந்து செம்மணல் கொட்டியது. பயணத்திற் சேர்ந்த மணல் என்று எண்ணி அவள் கூட்டி அள்ளினாள். ஒரு கோப்பை அளவு இருந்தது.

மறுநாள் மாலையும் கவிழ்த்தாள். அப்போதும் ஒரு கோப்பை இருந்தது.

அதன்பின் அவள் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கக் கூடாதென்று தன்னைத் தானே கடிந்துகொண்டே கவனித்தாள். மாடிப்படியின் சுவரில், தோள் உயரத்தில், செம்மண்ணின் மெல்லிய கோடு இருபக்கமும் படிந்து வந்தது. துடைத்தால் மறுநாள் திரும்பி வந்தது. மேசையில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. வெளியே பனி கலந்த மழை கண்ணாடியை அறைந்துகொண்டிருக்க, சூடாக்கி ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, கறியும் சவர்க்காரமும் மெழுகுதிரியும் மணக்கும் அந்த வீட்டினுள், அவர் கடந்து போன இடத்தில் மட்டும் மழை தொட்ட கல்லின் மணம் நெடுநேரம் நின்றது. அவர் பேசிய சொற்களையும் ஒருநாள் அவள் எண்ணிப் பார்த்தாள். திரும்பி வந்த நாள் முதல், “வாறன்”, “ஓம்” என்னும் இரண்டையன்றி வேறொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவர் மேல்மாடியில் இருந்தாலும், குளியலறையில் இருந்தாலும், கூப்பிட்டால் உடனே “வாறன்” என்பார். சரியாகப் பதினொன்று எண்ணும்போது அவள் முன் நிற்பார். ஒருநாள் அவர் கூடத்துச் சோபாவில், அவளுக்கு இரண்டு அடி தூரத்தில் அமர்ந்திருந்தார். அவள் கூப்பிட்டாள். “வாறன்” என்றார். எழவில்லை, அசையவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவள் எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. அடுத்த எண்ணில் எழுந்து, தோளைத் திருப்பி, பக்கவாட்டாக இரண்டு அடி வந்து நின்றார்.

“ஒண்டுமில்லை. இருங்கோ” என்றாள் வேரோனிக்கா.

காது மந்தமாகியிருக்கலாம் என்று றெபேக்கா தொலைபேசியிற் சொன்னாள். “அறுபத்தாறு வயசு அம்மா. ரிற்றயர் ஆனால் சில பேர் உப்பிடித்தான் அமைதியாகிடுவினம். யூ ஆர் ஓவர்திங்கிங். டொக்டரிட்டைக் காட்டுங்கோ.” வேரோனிக்கா அவரை வைத்தியரிடம் அழைத்துப் போனாள். காத்திருக்கும் அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னிருந்த தமிழ்ப் பெண் எட்டிப்பார்த்து, “யோசப்!” என்று அழைத்தாள். அவர் முன்னே பார்த்தபடி இருந்தார். அந்தப் பெண் எழுந்து நின்று மீண்டும் அழைத்தாள்; மூன்றாந்தரம் அருகில் வந்தே அழைத்தாள். பக்கத்திலிருந்த ஒரு குழந்தைகூட அவரைத் திரும்பிப் பார்த்தது. கேளாத ஒருவரின் முகத்தில் ஒரு வெறுமை இருக்கும். இவர் முகத்தில் அது இல்லை. கேட்டும், அது தம்முடையதல்ல என்று விட்டுவிட்டவரின் முகமாக அது இருந்தது.

வேரோனிக்கா மெதுவாக, தனக்கே கேளாத குரலில், “இஞ்சாருங்கோ” என்றாள்.

“வாறன்” என்றார் அவர் உடனே.

காதில் ஒரு குறையும் இல்லையென்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு அழைத்துப் போகப் பேர்ணடெற் காரோடு வந்தாள். பாடகர் குழுவில் வேரோனிக்காவோடு இருபது ஆண்டு சேர்ந்து பாடியவள். வாயை மூடி அறியாதவள். கூடத்தில் அமர்ந்திருந்த யோசப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“என்னடி வேரோனி, அண்ணை படத்திலை இருக்கிற சம்மனசு மாதிரி இருக்கிறார்! முந்தியெண்டால் என்னைக் கண்டவுடனை ‘வந்திட்டா ரேடியோ’ எண்டு நக்கலடிப்பாரே.”

“இப்ப ஒண்டும் சொல்லுறேல்லை.”

“கூப்பிட்டால் வாறாரோ?”

“ஒருக்காக் கூப்பிட்டால் வாறார்.”

பேர்ணடெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “உந்த மலையின்ரை அட்றெசை எனக்கும் தா. என்ரை மனுசனையும் கொண்டுபோய் விட்டிட்டு, உப்பிடி ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

வேரோனிக்காவின் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது.

“என்னடி? சும்மா பகிடிக்குச் சொன்னனான். முகம் ஏன் வெளிறிப் போச்சு?”

“ஒண்டுமில்லை” என்றாள் வேரோனிக்கா. அன்று கோயிலில், பதினாலு நிலைகளிலும் முழந்தாளிட்டபோது, கணவருக்காக மன்றாட முயன்றாள். ‘என்ரை மனுசன்’ என்று தொடங்கினாள்; அதற்குமேல் செபம் ஓடவில்லை. யாரைக் குறித்து மன்றாடுகிறோம் என்னும் ஐயம் குறுக்கே நின்றது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு றெபேக்கா பயணப் படங்களைத் தொலைபேசிக்கு அனுப்பிவைத்தாள். கடைசியில் ஒரு காணொளியும் இருந்தது. அதன் கீழே ஒரு குரல் செய்தி: “அம்மா, அப்பா அந்த இடுக்காலை வாறது இதிலை இருக்கு. யூட்சன் நிப்பாட்ட மறந்துபோய் அப்பிடியே கையிலை கொண்டு நடந்திட்டார். கடைசியிலை சும்மா நிலமும் வானமும்தான். நான் முழுக்கப் பாக்கேல்லை.”

வானம் ஈயத்தகடாகக் கிடந்தது. சூடாக்கி நின்றுவிட்டு மீண்டும் இரையத் தொடங்கியது. கூடத்தில், சாளரத்தை நோக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு அவர் அமர்ந்திருந்தார். வேரோனிக்கா சமையலறைக் கதவோரத்தில் நின்று, ஒலியைக் குறைத்து, தொலைபேசியை முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

பாறைகள். மஞ்சள் வெயில். அவளுடைய முதுகு. “இஞ்சாருங்கோ!” “வாறன்.” தோள், முகம், உடம்பு. கைதட்டல். அதுவரை அவள் அறிந்தவையே. பின்னர் படம் சாய்ந்தது. யூட்சனின் கால், சரளை, முட்செடி, வானம் எல்லாம் ஊஞ்சலில் ஆடுவனபோல மாறிமாறி வந்தன. ஓரிடத்தில் யூட்சன் தண்ணீர் குடிக்க நின்றிருக்க வேண்டும். படம் அசையாமல் நின்றது. தொலைவில் அந்த இரண்டு பாறைகளும் முழுமையாகத் தெரிந்தன. முன்னால் வேரோனிக்கா, போத்தலை வாயில் வைத்தபடி. அவளருகில், பக்கவாட்டாக, அவர்.

பாறையின் உச்சியில் ஒருவர் நின்றார்.

நீலத் தொப்பி. அகன்ற தோள்கள். இரு கைகளையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தார். காற்றிற் கிழிந்து, மிக மெலிதாக, குரல் வந்தது: “வேரோனி! இஞ்சை பார், எவ்வளவு உயரம் ஏறியிட்டன்!”

படத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தொப்பி அணிந்த அந்த உருவம் கைகளைத் தாழ்த்திற்று. எல்லோரும் போவதைக் கண்டு திகைத்ததுபோல் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தது. அப்போது இன்னொரு குரல் எழுந்தது. இடுக்கிலிருந்து. பெண்குரல்.

“இஞ்சாருங்கோ!”

அது அவளுடைய குரல். படத்தில் அவள் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

உச்சியில் நின்றவர் கீழே, இருட்டை நோக்கிக் குனிந்தார். எரிச்சலும் பாசமும் கலந்த, முப்பத்தைந்து ஆண்டு பழகிய அந்தக் குரல் சொன்னது:

“பொறப்பா, வாறன். மனுசனை ஒரு நிமிசம் இருக்க விடன்!”

ஒரு காலைக் கீழே வைத்தார். மறு காலை வைத்தார். கையை ஊன்றினார். தொப்பி மட்டும் சிறிது நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

படம் நின்றது.

சூடாக்கியும் நின்றிருந்தது. வீட்டில் ஓர் ஓசையும் இல்லை. அவள் அந்த மலையில் கூப்பிட்டது எவரையும் அல்ல. பெயரில்லாத ஓர் அழைப்பை இருட்டுக்குள் எறிந்தாள்; அங்கே பெயரில்லாமற் கிடந்த ஒன்று, அதை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தது. அவள் கொடுத்த அந்தச் சொல்லைக் கொண்டே, உச்சியில் நின்ற அவள் கணவரையும் அந்த இருட்டு அழைத்துவிட்டது.

அவள் கூடத்தின் வாசலுக்குப் போனாள். அந்த முதுகைப் பார்த்தாள். எழுத மட்டுமே அறிந்த அந்தச் சொல்லை, தன் வாழ்நாளில் முதன்முறையாக, வாயைத் திறந்து சொன்னாள்.

“யோசப்.”

முதுகு அசையவில்லை.

“யோசப்!”

இல்லை.

சாளரத்தில் பனிமழை. இரண்டு தோள்கள். பின்கழுத்தில் ஓர் ஈரமற்ற பளபளப்பு, கல்லில் இருப்பதுபோல. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு அவளுடைய ஆள் அங்கே இல்லை.

அப்போது கீழே, நிலவறையில், எவருமில்லாத அந்த இருட்டில், அவளுடைய குரல் கூப்பிட்டது.

“இஞ்சாருங்கோ.”

“வாறன்” என்றது சோபாவில் இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அது எழுந்தது. தோளைத் திருப்பியது. முகத்தைச் சாய்த்தது. அவளுக்கு ஒரு சாண் தூரத்தில், அவளைப் பாராமலே, கடந்து போனது. மழை மணம். நிலவறைக் கதவு. படிகளில் உராயும் ஓசை. பத்து.

பதினொன்று.

அமைதி. அதன்பிறகு மீண்டும் உராய்தல். இம்முறை மேல்நோக்கி. சுவரின் இருபக்கமும். இரண்டு பேர்.

அவள் வாசலுக்கு ஓடினாள். மேலங்கி. கைப்பை. கடவுச்சீட்டு அதற்குள்ளேயே இருந்தது. வேலைக்குப் போகும் கறுப்புச் சப்பாத்துகளைக் காலில் மாட்டினாள். பழக்கம் அவளுடைய கண்களைத் தரைக்கு இழுத்தது. அங்கே அவருடைய சாம்பல் நிறச் சோடி. பக்கத்தில் அவளுடைய சாம்பல் நிறச் சோடி, அடி வெளிறியது. அதன் பக்கத்தில், செம்மஞ்சள் நாடா கோத்து, அவளுடைய அளவில், இன்னொரு சோடி. நுனிகள் உள்நோக்கி. கீறலே இல்லை. அதிலிருந்து மணல் மெல்லச் சரிந்து வழிந்துகொண்டிருந்தது.

அன்று அவள் எண்ணவில்லை.

வீதிக்கு எதிர்ப்புறம் பேருந்துத் தரிப்பிடம். கூரையின்கீழ் நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக அவள் ஏற்றும் நேரத்தில், அவளுடைய வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. சாளரத்தில் இரண்டு உருவங்கள் நின்றன, ஒருவரோடொருவர் ஒட்டி, பக்கவாட்டாக. அவற்றுள் சிறியது, அவள் செய்வதுபோலவே, திரைச்சீலையின் ஓரத்தை நீவி நேராக்கிவிட்டு இழுத்து மூடியது.

அவள் றெபேக்காவை அழைத்தாள்.

“அம்மா, வீடியோ பார்த்தனீங்களோ? அப்பா என்ன சொன்னவர்?”

“பிள்ளை, நீ இனி இந்த வீட்டுக்கு வரக்கூடாது. ஆர் கூப்பிட்டாலும் வரக்கூடாது. என்ரை குரல் கேட்டாலும் வரக்கூடாது. விளங்குதோ?”

“வாட்? அம்மா, என்ன கதைக்கிறியள்? நீங்கள் எங்கை நிக்கிறியள்? அப்பா எங்கை?”

பேருந்து வளைவில் திரும்பி, விளக்கு மின்ன வந்துகொண்டிருந்தது. வேரோனிக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அப்பா அந்த மலையிலைதான் நிக்கிறார். நான் எயார்போட்டுக்குப் போறன். போய், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறன்.”